தனக்குத்தானே கிரேக்கத்தில் எழுதிய உரோமச் சக்கரவர்த்தி

ஒருவன் தன் உள்ளத்தின் போக்கைத் தானே அறிந்து திருத்திக்கொள்ளும் பொருட்டு எழுதுவானாயின், அவன் எம்மொழியில் எழுதுவான்? தாய்மொழியில் என்றே எவரும் விடை கூறுவர். பிறருக்காக எழுதுங்கால் பிறர் மொழி வேண்டப்படலாம். தனக்காக எழுதுவோனுக்குப் பிறமொழி எதற்கு? இவ்விடை இயல்பானதே. ஆயினும் வரலாறு இதனை முற்றாக ஏற்கவில்லை. அகநோக்கு நூல்களுள் உலகம் போற்றும் ஒன்று, அதனை எழுதியவரின் நாட்டு மொழியில் எழுதப்படவில்லை. அதனை எழுதியவர் மாக்கஸ் ஒரேலியஸ். உரோமில் 121 ஆம் ஆண்டிற் பிறந்து, 161 முதல் 180 இல் இறக்கும்வரை உரோமப் பேரரசை ஆண்டவர். அவருடைய அரசாங்கமும் சேனையும் சட்டமும் இலத்தீன் மொழியின. அவர் தமக்குத் தாமே எழுதி வைத்த குறிப்புகள் மட்டும் கிரேக்க மொழியின.

இக்குறிப்புகள் பன்னிரண்டு பிரிவுகளாக இன்று எமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒரு பிரிவின் எல்லையில், குவாதியரிடையே கிரானுவா ஆற்றங்கரையில் எழுதப்பட்டது என்றும், இன்னொன்றின் எல்லையிற் கார்ணுந்தத்தில் எழுதப்பட்டது என்றும் இடக்குறிப்பு உண்டு. கிரானுவா இன்றைய சிலோவாக்கியாவில் ஓடித் தன்யூப் நதியிற் கலப்பது. கார்ணுந்தம் இன்றைய ஒஸ்திரியாவில், அந்நதிக்கரையில் இருந்த உரோமப் பாசறை நகர். வடவெல்லையைத் தாக்கிய சேர்மானியக் குலங்களோடு பொருதற்பொருட்டுச் சக்கரவர்த்தி தம் ஆட்சியின் பிற்பகுதியிற் பெரும்பங்கினைப் பாசறைகளிற் கழித்தார். பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியிருந்த காலம் அது. பகலில் இலத்தீனில் ஆணையிட்டவர், ஓய்ந்த வேளையிற் கிரேக்கத்திலே தம்மைத் தாமே கடிந்துகொண்டிருந்தார். நூலுக்கு இன்று வழங்கும் 'தனக்குத்தானே' என்னும் பெயரும் அவர் இட்டதாகத் தெரியவில்லை. 1559 ஆம் ஆண்டிற் சூரிச் நகரில் முதன்முதலாக அச்சேறும்வரை இதனை அறிந்தோர் மிகச் சிலரே. அப்பதிப்புக்கு ஆதாரமாய் இருந்த ஏட்டுப்பிரதி பின்னர்த் தொலைந்து போயிற்று. அச்சுப் பொறி சற்றுப் பிந்தியிருந்தால் அப்பிரதியின் பாடம் எமக்கு எட்டாமலே போயிருக்கும்.

கிரேக்கம் அவருக்கு உண்மையில் அந்நிய மொழியா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. உயர்குடி உரோமர் இரு மொழியிலும் வளர்ந்தவர். சிறுவனுக்குக் கிரேக்கத்தையே முதலிற் கற்பிக்கவேண்டும், இலத்தீன் சூழலிலிருந்து தானே வந்துவிடும் என்று குவின்றிலியன் என்னும் ஆசிரியர் மாக்கஸ் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்னரே எழுதிவைத்தார். நம் நாட்டில் ஒரு காலத்தில் ஆங்கிலத்தைப் பற்றி இவ்வாறே எண்ணிய பெற்றோர் பலர். எனினும் கற்ற மொழி கற்ற மொழியே. அதன் அடையாளம் நூலிலேயே இருக்கின்றது. வட்டரங்கப் போர்வீரர் வகைகளையும் தேரோட்டக் கட்சிகளையும் குறிப்பிடவேண்டிய இடத்தில், மாக்கஸ் இலத்தீன் சொற்களையே கிரேக்க எழுத்தில் எழுதிச் செல்கின்றார். உரோமத் தெருவில் வழங்கிய பொருளுக்குக் கிரேக்கச் சொல் அவர் நாவில் இல்லை. இன்னோரிடத்தில் 'சீசர்' என்னும் பெயரை வினையாக்கி, நீ சீசராகிவிடாதே, ஊதாச் சாயம் உன்மேல் ஊறிவிடாதே என்னுங் கருத்துப்படத் தம்மை எச்சரிக்கின்றார். தம் பதவிப் பெயரைப் பிறமொழி இலக்கணத்துள் இட்டு உருக்கி, நோயின் பெயர்போல ஆக்கிவிட்டார். இலத்தீனில் அப்பெயர் மணிமுடியோடு ஒட்டியது. அதனை இவ்வாறு கழற்றி எடுத்துப் பார்ப்பது அம்மொழியில் எளிதாய் இருந்திராது.

இதன் காரணத்தை அறிய அவருடைய இளமைக்குச் செல்லவேண்டும். இலத்தீன் சொல்வன்மையை அவருக்குக் கற்பித்தவர் புரொன்ரோ. இவர் இன்றைய அல்சீரியாவிலுள்ள சீர்த்தா நகரிற் பிறந்தவர். அக்காலத்தில் இலத்தீன் நாவலருள் முதல்வரென மதிக்கப்பட்டவர். ஆசிரியரும் மாணாக்கரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பல நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்தன. பிற்காலத்தார் ஒருவர் அவ்வேட்டின் எழுத்தைச் சுரண்டி நீக்கி, அதன்மேற் சமயச் சங்கமொன்றின் நடவடிக்கைகளை எழுதிவிட்டார். மிலான் நகர் அம்புரோசிய நூலகத்தில் அஞ்சலோ மாய் என்பார் அம்மேலெழுத்தின் கீழ்ப் பழைய எழுத்தின் சாயலைக் கண்டு படித்து, 1815 இல் வெளியிட்டார். பின்னர் வத்திக்கானிலும் மிகுதி ஏடுகள் கிடைத்தன. இக்கடிதங்கள் வெளிவராதிருந்தால் மாக்கசின் இலத்தீன் முகம் எமக்குத் தெரிந்திராது.

புரொன்ரோவின் போதனை முழுவதும் சொல்லைப் பற்றியது. கேட்போன் எதிர்பாராத சொல்லைத் தேடி எடுக்கவேண்டும். தேடியது தெரியாதவாறு அதனை உரிய இடத்தில் வைக்கவேண்டும். ஒரே நீதிவாக்கியத்தை இருமுறை மும்முறை வெவ்வேறு வடிவில் மாற்றி எழுதிப் பழகவேண்டும். இவ்வாசிரியரே கிரேக்கத்தில் எழுத நேர்ந்தபோது அடக்கமாகிவிடுகின்றார். மாக்கசின் தாயார் தோமித்தியா லூசில்லாவுக்குக் கிரேக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, அதில் வழூஉச்சொல் இருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றார்; தம்மை அனக்கார்சிஸ் என்னும் சீத்திய அறிஞரோடு ஒப்பிட்டு, தாம் லிபிய நாட்டவர் என்றும் கூறுகின்றார். இலத்தீனில் எவருக்கும் அஞ்சாத நாவலர், கற்ற மொழியில் எழுதும்போது தம் ஒவ்வொரு சொல்லையும் திரும்பிப் பார்க்கின்றார். இவ்வாறு திரும்பிப் பார்த்தலே எமது ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

மாணாக்கர் இப்பயிற்சியில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமக்கு இருபத்தைந்து வயதான காலத்தில் அவர் புரொன்ரோவுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அரிஸ்தோ என்பாரின் நூலைப் படித்தமையால் தம்மீது தமக்கே வெறுப்பு உண்டாயிற்று. இவ்வயதிலும் நல்ல கொள்கைகள் உள்ளத்திற் படியவில்லையே என்று நாணுகின்றார். ஆகவே ஒரே பொருளை இரு பக்கமும் நின்று வாதிக்கும் பயிற்சியை எழுதி அனுப்ப இயலவில்லை என்பது அதன் சாரம். பின்னர் யூனியஸ் றஸ்றிக்கஸ் என்னும் ஸ்தோயிக்க அறிஞர் அவருக்கு வழிகாட்டியானார். அடிமையாயிருந்து விடுதலை பெற்று மெய்யியல் போதித்த எப்பிக்டெற்றசின் உரைகளைத் தம் சொந்தப் பிரதியிலிருந்து கொடுத்தவர் இவரே. அவ்வுரைகள் கிரேக்க மொழியின, அணியற்ற பேச்சுநடையின. மாக்கஸ் தம் நூலின் முதற் பிரிவில் தமக்கு நன்மை செய்தோரை வரிசைப்படுத்தி நன்றி கூறுங்கால், சொல்லலங்காரத்தையும் கவிதையையும் விட்டொழிக்கக் கற்றதை றஸ்றிக்கசின் பெயரிற் குறிக்கின்றார். புரொன்ரோவுக்கு அங்கே கிடைப்பது சில வரிகளே. அவற்றிலும் நாவன்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுங்கோலரின் பொறாமையையும் வஞ்சகத்தையும், உயர்குடியாரிடத்து அன்பின்மையையும் அறியக் கற்பித்தார் என்பதோடு முடிகின்றது. அத்தனை ஆண்டு அன்போடு கற்பித்த ஆசிரியருக்கு இது குறைந்த கூலி என்றே எனக்குத் தோன்றுகின்றது.

மெய்யியலின் கலைச்சொற்கள் கிரேக்கமாதலால் மாக்கஸ் கிரேக்கத்தில் எழுதினார், வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்பார் ஒரு சாரார். இதனை ஓரளவே ஏற்கலாம். இலத்தீனில் மெய்யியல் எழுத இயலாத காலம் அதற்கு இருநூறு ஆண்டு முன்னரே முடிந்துவிட்டது. சிசரோ கிரேக்கச் சொற்களுக்கு ஈடாகப் புதிய இலத்தீன் சொற்களை ஆக்கினார். 'குவாலித்தாஸ்' என்று அவர் ஆக்கிய சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் பண்பைக் குறிக்கும் சொல்லாக இன்றும் வழங்குகின்றது. பிளேற்றோவின் கருத்துக்களை எடுத்துரைக்கத் தம் மொழியிற் சொற்பஞ்சம் என்று செனக்கா முறையிட்டார். ஆயினும் இலத்தீனிலேயே எழுதினார். அன்றியும் செனக்கா ஒவ்வோர் இரவும், விளக்கை அகற்றி மனைவியும் பேச்சொழிந்தபின், அன்றைய நாளின் சொல்லையும் செயலையும் ஒன்றும் மறையாது தம் முன்னர் விசாரணைக்கு நிறுத்தியதாக எழுதுகின்றார். இவ்வகநோக்கு தாய்மொழியில் நிகழ்ந்தது. ஆகவே பிறமொழி இன்றித் தன்னையறிதல் இயலாது என்று எவரும் சாதிக்க முடியாது. மாக்கசுக்கு இலத்தீன் வழி திறந்தே இருந்தது. அவர் அவ்வழி செல்லவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இலத்தீன் அவருக்குப் புரொன்ரோவின் செவிக்காக எழுதிய மொழி என்பதே இதற்குக் காரணமென நான் கருதுகின்றேன். அம்மொழியில் ஒரு வாக்கியம் தொடங்கினால், அது அழகாக முடியவேண்டும் என்னும் பழக்கமும் கூடவே எழும். அழகாக முடிந்த வாக்கியம் எழுதியவனை மகிழ்விக்கும். மகிழ்ந்தவன் தன் குற்றத்தைக் காணான். ஸ்தோயிக்கப் பயிற்சியோ இதற்கு மாறானது. உள்ளத்தில் ஒரு தோற்றம் எழுகின்றது. அதன்மேல் நல்லது, தீயது என்னும் தீர்ப்பை நாம் ஏற்றுகின்றோம். தோற்றம் வேறு, ஏற்றிய தீர்ப்பு வேறு என்று பிரித்தறிவதே பயிற்சி. நம் சைவநூலோர் அந்தக்கரணங்களை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என வகுத்து, அவற்றின் தொழிலை வேறுவேறாகக் கூறியதனை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. எனினும் முழு ஒப்புமை காண்பது பொருந்தாது. ஸ்தோயிக்கர் உள்ளத்தை ஆளும் அறிவோடு நின்றுவிடுவர், நம்மவர் அதனையும் கடந்து ஆன்மாவுக்குச் செல்வர்.

தீர்ப்பை நீக்குவதற்கு மாக்கஸ் கையாண்ட வழி, பொருளின் பெயரைக் கழற்றுவது. அரசரணியும் ஊதா அங்கி சிப்பியின் இரத்தம் தோய்ந்த ஆட்டுமயிர். புகழ்பெற்ற பலேர்ணிய மது திராட்சைச் சாறு. விருந்திலிட்ட இறைச்சி ஒரு பிராணியின் பிணம். இவ்வாறு ஒவ்வொன்றையும் அம்மணமாக்கிக் காட்டுகின்றார். பழகிய சொல்லிற் பழகிய மதிப்பு ஒட்டியிருக்கும். பிறமொழியில் எழுதுவோன் அச்சொல்லை இழந்துவிடுதலால், பொருளை அதன் கூறுகளால் விளக்கவேண்டியவன் ஆகின்றான். மாணாக்கர் ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாதபோது அப்பொருளைச் சுற்றிவளைத்து விவரிப்பதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். மாணாக்கனுக்கு அது வறுமை. சக்கரவர்த்தி அவ்வறுமையை விரும்பி மேற்கொண்டார்.

ஒன்று கூறாமல் விடலாகாது. அவர் உதறிவிட்டதாக எண்ணிய புரொன்ரோவின் பயிற்சி அவரை விட்டு நீங்கவில்லை. ஒரே கருத்தை இருமுறை மும்முறை மாற்றி எழுது என்று ஆசான் இலத்தீனுக்குச் சொன்னதை, மாணாக்கர் பன்னிரண்டு பிரிவிலும் கிரேக்கத்திற் செய்திருக்கின்றார். இறப்பு, புகழின் நிலையாமை, சினம் ஆகிய சில பொருள்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. சொல் மட்டும் மாறுகின்றது. கூறியது கூறல் எனக் குறைகாண்போர் இதனை உணரார்.

அந்நிய மொழியிற் சிந்திப்போர் தம் தீர்ப்புகளில் வேறுபடுகின்றனர் என்பதை அண்மைக்கால உளவியலாரும் சோதித்துள்ளனர். சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசாரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2012 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றின்படி, ஒரே செய்தியை இலாபமாகவோ நட்டமாகவோ சொல்லும் முறையால் மக்கள் மயங்கும் மயக்கம், கற்ற மொழியில் வினா விடுக்கப்பட்டபோது குறைந்து காணப்பட்டது. 2014 இல் கொஸ்ராவும் பிறரும் செய்த சோதனை இதன் மறுபுறத்தைக் காட்டிற்று. ஐவரைக் காக்க ஒருவரைப் பலியிடலாமா என்னும் வினாவுக்கு, தாய்மொழியில் விடையளித்தோரைக் காட்டிலும் பிறமொழியில் விடையளித்தோருட் கூடுதலானோர் பலியிடலாம் என்றனர். மயக்கத்தைத் தணிக்கும் அதே தொலைவு இரக்கத்தையும் தணிக்கின்றது போலும். இச்சோதனைகளின் எல்லைபற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. இருப்பினும் மாக்கசைப் படித்தோருக்கு இவை வியப்பளிக்க மாட்டா.

ஏனெனில் இவ்விருபுறமும் அவரிடத்து உண்டு. அவருக்குப் பிள்ளைகள் பலர். பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். கிரேக்க நூலில், குழந்தையை முத்தமிடும்போது இது நாளை இறந்துவிடலாம் என உள்ளத்துட் கூறிக்கொள்ளவேண்டும் என்னும் எப்பிக்டெற்றசின் கட்டளையை அவர் எடுத்து எழுதுகின்றார். படிப்போர் நெஞ்சு திடுக்கிடும் இடம் அது. இனி, புரொன்ரோவுக்கு எழுதிய இலத்தீன் கடிதங்களைத் திறந்து பார்ப்போம். சிறுமி பௌஸ்தினாவுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டதையும், குழந்தை மெலிந்து இருமியதையும், இப்போது சற்றுக் குணம் என்பதையும் ஊரிலுள்ள எந்தத் தகப்பனும் எழுதுவதுபோல எழுதியிருக்கின்றார். ஒரே மனிதர், ஒரே வகைக் கவலை. இலத்தீனிற் கவலை கவலையாகவே நிற்கின்றது. கிரேக்கத்தில் அது ஆராயப்படும் பொருளாகின்றது. கடிதம் நண்பருக்கு உரியது, குறிப்பு தமக்கு உரியது, காலமும் வேறு. இவ்வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தாலும், மொழியின் பங்கு சிறிதேனும் எஞ்சும் என்பது என் துணிபு.

நம் மாணாக்கரை நோக்குங்கால் இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. இலங்கையில் 1945 முதல் தாய்மொழிவழிக் கல்வி ஆரம்ப வகுப்புகளில் நிலைபெற்று மேல்வகுப்புகளுக்கும் படிப்படியாகப் பரவிற்று; இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சில பாடசாலைகளில் ஆங்கிலவழியும் மீண்டும் இடம்பெற்றுள்ளது. ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவன் வரலாற்று வினாவொன்றுக்கு ஆங்கிலத்தில் மிக அழகாக விடை எழுதினான். அதையே தமிழில் ஒரு தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல் என்றேன்; சொல்ல வரவில்லை. அவனிடம் இருந்தவை வாக்கியங்கள், எண்ணம் இருக்கவில்லை. இன்னொருவன் இதற்கு நேர்மாறு. தமிழில் அருவிபோல எழுதுவான். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோதுதான், 'சமுதாயம்' 'பண்பாடு' என்று தான் அடுக்கிவந்த சொற்களுக்குத் தன்னிடம் பொருள் இல்லை என்பதைத் தானே கண்டு எழுதுகோலை வைத்துவிட்டான். முதல்வனுக்குப் பிறமொழி திரையாயிற்று; இரண்டாமவனுக்குக் கண்ணாடியாயிற்று. மொழியைக் கடன் வாக்கியங்களின் பொதியாகக் கற்பித்தோமா, சொல்லைத் தெரிந்தெடுக்கும் தொழிலாகக் கற்பித்தோமா என்பதே வேறுபாடு. அதற்கு விடையிறுக்க வேண்டியவர்கள் ஆசிரியராகிய நாங்களே.

பிற்கால ஐரோப்பியருள் இருவரை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவேன். இத்தாலியக் கவிஞர் பெற்றாக் காதற்பாடல்களைத் தம் தாய்மொழியிற் பாடினார். ஆனால் அப்பாடல்களின் கையெழுத்துப் படிகளின் ஓரத்தில், இது நன்று, இதனைத் திருத்துக என்றவாறு தம் கவித்தொழிலைத் தாமே மேற்பார்வை செய்யும் குறிப்புகளை இலத்தீனில் எழுதினார். லோராவை 1327 ஏப்பிரல் 6 ஆம் நாள் முதலிற் கண்டதையும், 1348 இல் அதே நாளில் அவள் இறந்ததையும் தம் வேர்சில் ஏட்டின் முன்பக்கத்தில் இலத்தீனிலேயே பதிந்துவைத்தார். அவ்வேடும் மிலான் அம்புரோசிய நூலகத்திலேதான் இருக்கின்றது. புரொன்ரோவின் கடிதங்கள் கண்டெடுக்கப்பட்ட அதே இடம்.

மற்றவர் பிரெஞ்சு நாட்டு மொன்ரேன் (1533–1592). இவர் கதை எல்லாவற்றையும் தலைகீழாக்குவது. இவருடைய தந்தை, பிரெஞ்சு அறியாத சேர்மானியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, குழந்தையின் முன்னிலையில் வீட்டார் அனைவரும் இலத்தீனிலேயே பேசவேண்டுமெனப் பணித்தார். தாயும் ஏவலாளரும் தம்மால் இயன்ற இலத்தீனைக் கற்றனர். ஆறு வயதுவரை பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாது. பின்னர் போர்தோ நகரக் கல்லூரியிற் சேர்ந்தபின் இலத்தீன் தேய்ந்ததாம்! வளர்ந்தபின் அவர் தம்மை ஆராய்ந்து எழுதி 1580 இல் வெளியிட்ட கட்டுரைகள், பின்னர்க் கற்ற பிரெஞ்சில் அமைந்தன. நாற்பது ஆண்டுகள் இலத்தீனைப் பேசாதும் எழுதாதும் விட்டிருந்தும், நல்ல உடல்நலத்தோடிருந்த தந்தை திடீரென மயங்கித் தம்மேல் விழுந்தபோது, நெஞ்சின் ஆழத்திலிருந்து முதலில் வெளிவந்த சொற்கள் இலத்தீனாகவே இருந்தன என்று எழுதுகின்றார். அச்சம் முதல்மொழியிற் பேசிற்று. அச்சத்தை ஆராய்ந்தது இரண்டாம் மொழி.

இவர் 1580 இலும் 1581 இலும் இத்தாலி சென்றபோது எழுதிய பிரயாணக் குறிப்பு 1774 இலேதான் அச்சாயிற்று. கல்லடைப்பு நோயால் வருந்திய மொன்ரேன், லுக்கா நகரை அடுத்த வெந்நீர்ச் சுனைகளில் தங்கியிருந்த காலத்தில், இந்த இன்னொரு மொழியையும் சற்றுப் பேசிப் பார்ப்போம் என்னும் கருத்துடன் அக்குறிப்பை இத்தாலியத்திற்கு மாற்றினார். குடித்த நீரின் அளவு, வெளிப்பட்ட கல், நோவின் போக்கு ஆகிய எல்லாவற்றையும் வேறொருவர் உடலைப் பார்த்து எழுதுவதுபோல, அரைகுறையாய்க் கற்ற மொழியில் மாதக்கணக்கிற் பதிந்தார். திரும்பும் வழியில் மொன் செனி மலையைக் கடந்து பிரெஞ்சு பேசும் நிலத்தை அடைந்ததும், இங்கே பிரெஞ்சு வழங்குதலால், எளிதாகக் கையாண்டும் உறுதியாகப் பற்றாத அந்த அயல்மொழியைத் தாம் விட்டுவிடுவதாக எழுதி, மறுவரியிலிருந்து பிரெஞ்சிலே தொடர்கின்றார்.